காய்கறிக்கடைத் துரை

நான் வரைந்த முகங்களிலேயே அதிகம் சலாம் வாங்கியது ஒரு வெள்ளைக்காரத் துரையின் முகம்தான். ஊட்டியிலிருந்து கிளென்மார்கன் போகிற சாலையில், தேயிலைத் தோட்டக்காரர்களின் க்ளப் ஒன்றில், கணப்புக்கு மேலே அது மாட்டியிருந்தது. க்ளப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்து உறுப்பினர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு விஷயம் இன்னமும் தெரியாது.

நான் பிறந்தது அதே மலையில், ஓவேலியில். அப்பா அங்கே ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் குமாஸ்தா. எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு மலையாளக் குடும்பம், வலப்பக்கம் ஒரு கன்னடக் குடும்பம். சமையல் பாதியில் நிற்கும்போது அம்மா என்னைத்தான் பக்கத்து வீட்டுக்கு விரட்டுவாள். மலையாள வீட்டில் தமிழில் கேட்டால் தேங்காய் ஒரு மூடி கிடைக்கும். மலையாளத்தில் கேட்டால் முழுத் தேங்காய். கன்னட வீட்டுப் பாட்டை அவர்கள் மொழியிலேயே பாடிக் காட்டினால் வெல்லம் போட்ட ஒப்பட்டு, நம் போளிதான். நான் பல மொழி கற்ற வரலாறு இவ்வளவுதான். பின்னாளில் பேட்டி எடுக்க வந்தவர்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். அதை நம்ப வேண்டாம்.

முதல் கவிதையை மலையாளத்தில் எழுதினேன். இடப்பக்க வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவும். உனக்கு வெட்கமே இல்லையா, சூரியன் உன் மச்சானா என்றெல்லாம் கேட்டு எட்டு வரி. படித்துப் பார்த்த அந்த வீட்டம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்த வாரம் சேவல் குழம்பாகி எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கவிதைக்கு இத்தனை வலிமை உண்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. குழம்பு நன்றாக இருந்தது.

பெரிய பள்ளியில் சேர்ப்பதற்காக என்னை ஊட்டியில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மாமா என் அம்மாவுக்குத் தம்பி. அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, முனிசிபல் மார்க்கெட்டில் காய்கறிக்கடை வைத்தவர். கேரட், பீட்ரூட், நூல்கோல், முட்டைக்கோசு எல்லாவற்றையும் கோபுரம் கோபுரமாக அடுக்கி, அதன் நடுவே கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருப்பார். நல்ல உயரம், அகன்ற நெற்றி, இரண்டு பக்கமும் சற்றே தொங்கும் மீசை. அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. மத்தியானம் வியாபாரம் மந்தமானால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். தூரத்து மலையை யாரோ நகர்த்தி வைத்துவிட்டது போலவும், அதை இவர் கவனித்துவிட்டது போலவும் இருக்கும் அந்தப் பார்வை. புதிதாக வருகிறவர்கள் மரியாதையோடு காத்திருப்பார்கள். பழகியவர்கள் தராசைத் தட்டி எழுப்புவார்கள்.

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊட்டிக்கே திரும்பி, ஒரு போர்டிங் பள்ளியில் டிராயிங் டீச்சரானேன். பகலில் பணக்காரப் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் கூஜாவும் வரையக் கற்றுக்கொடுப்பேன். மாலையில் கவிதை. முதல் வரி எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே முடித்துவிடுவேன். கோழிக்கோட்டுப் பத்திரிகை ஒன்று என்னை மலையாளி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மைசூர்ப் பத்திரிகை ஒன்று, இது யாரோ புனைபெயர் வைத்துக்கொண்ட ஆண்பிள்ளை என்று முடிவுகட்டி, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்றே எழுதும். நான் யாரையும் திருத்தப் போகவில்லை. ஐயாவின் கவிதைகள் சீக்கிரம் அச்சேறின.

அப்படி இருக்கும்போதுதான் க்ளப்பிலிருந்து ஜீப் வந்தது. எங்கள் பள்ளி முதல்வரும் க்ளப் தலைவரும் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். ‘எங்களிடம் ஒரு டீச்சர் இருக்கிறாள், ஏதோ வரைவாள்’ என்று முதல்வர் சொல்லியிருக்கிறார்.

க்ளப் ஹாலில் மூன்று பேர் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் தமிழர். ஆனால் தமிழை இடுக்கியால் எடுத்துப் பேசுவார். செயலாளர் மலையாளி. பொருளாளர் குடகுப் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுகிறவர். அவர்களுக்கு மேலே சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. பச்சைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், முழங்கால் வரை பூட்ஸ், கையில் துப்பாக்கி, காலடியில் அண்ணாந்து பார்க்கும் நாய். எல்லாம் அச்சு அசலாக இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் பூஞ்சைக்காளான் அப்பியிருந்தது. கூரையில் ஒழுகிய தண்ணீர் பல மழைக்காலமாக அந்த இடத்திலேயே இறங்கியிருக்கிறது.

“எங்க ஃபவுண்டர். இந்த க்ளப்பைக் கட்டினவர்,” என்றார் தலைவர். “ஆண்டு விழா வருது. அதுக்குள்ள ஃபேஸ் ரெடி ஆகணும்.”

செயலாளர் பொருளாளர் பக்கம் சாய்ந்து மலையாளத்தில் கேட்டார்: “ஈ பெண்குட்டியெக்கொண்டு இது பற்றுமோ?” இந்தப் பெண்ணால் இது ஆகுமா என்று கவலை. பொருளாளர் கன்னடத்தில் சமாதானம் சொன்னார்: “முகானே இல்ல. இன்னேனு கெடுத்தெ?” முகமே இல்லை, இனி என்ன கெட்டுப்போய்விடும்? இருவரும் வருடக்கணக்காக இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை தேக்கு மரம், நன்றாக மெழுகியிருந்தது.

பிறகு நிமிர்ந்து, செயலாளரிடம் மலையாளத்தில் “பற்றும், சாரே” என்றேன். பொருளாளரிடம் திரும்பி, கன்னடத்தில், கொஞ்சம் டீ கிடைக்குமா என்று கேட்டேன். இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவி ஏதோ கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். அதுவும் எனக்குத் தெரியும் என்று நினைவு வந்ததும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் இருக்கும்போது அவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

“துரையோட ஃபோட்டோ ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டேன்.

இருந்த ஆல்பம் ஈரத்தில் ஒட்டிச் செங்கல்லாகிவிட்டதாம். சரி, வாயால் சொல்லுங்கள் என்றேன். அடர்த்தியான தாடி என்றார் தலைவர். தாடி கிடையாது, மீசைதான் என்றார் செயலாளர். சவரம் செய்த முகம், மூக்குக்கண்ணாடி என்று தன் அப்பா சொல்லக் கேட்டதாகப் பொருளாளர் சொன்னார். மூவரும் துரையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. பார்த்த ஒரே ஆளை வரவழைத்தார்கள். எண்பதை நெருங்கிய பெரியவர், ஓய்வு பெற்ற மேனேஜர். வாலிபத்தில் துரையிடம் வேலை பார்த்தவர்.

“துரை முகம் எப்படிங்க இருக்கும்?” என்று அவரிடம் கேட்டேன்.

“அவர் முன்னால நான் தலையத் தூக்குனதே இல்லீங்களே அம்மா,” என்றார். “பூட்ஸ் வேணும்னா கேளுங்க, சொல்றேன்.” படத்தை உற்றுப் பார்த்து, “பூட்ஸ் சரியாத்தான் இருக்குது,” என்றார் திருப்தியாக.

சனி, ஞாயிறுகளில் போய் வேலை செய்தேன். படத்தை பில்லியர்ட்ஸ் அறையில் கிடத்தியிருந்தார்கள். பூஞ்சையை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, டர்பன்டைன் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அடியில் ஏதாவது மிச்சம் இருக்கும், ஒரு மூக்கு நுனியாவது அகப்படும் என்ற நம்பிக்கை இருந்தது. ஒன்றும் இல்லை. ஒரு காது மட்டும் கிடைத்தது. ஒரு காதை வைத்துக்கொண்டு ஆளைக் கட்டுவது எப்படி? பொதுவாக ஒரு வெள்ளைக்கார முகத்தைப் போட்டுப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவில் இருக்கும் ஆள் மாதிரி வந்தது. துடைத்தேன். மறுபடி போட்டேன். இந்த முறை எங்கள் பள்ளி முதல்வர் மாதிரி வந்தது. அவசரமாகத் துடைத்தேன்.

அடுத்த நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். மாமா முட்டைக்கோசுகளுக்கு நடுவே அந்தப் பார்வையோடு உட்கார்ந்திருந்தார். நான் கேரட் மூட்டைமேல் உட்கார்ந்து, பையிலிருந்த தாளை எடுத்து வரைய ஆரம்பித்தேன். அவர் இமைக்கவில்லை, அசையவில்லை. கல்லூரியில் கூட அப்படி ஒரு மாடல் எனக்கு வாய்த்ததில்லை. ஓர் அம்மாள் வந்து பீட்ரூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, எதிரே உள்ள கடைக்குப் போனார். கடைசியில் தராசைத் தட்டினேன்.

“ஏனம்மிணி, எப்ப வந்தே?” என்று விழித்தார் மாமா. தாளைப் பார்த்துவிட்டு, “என்ற மூஞ்சிய எதுக்கு வரையறே? நெம்ப நாளா சும்மா கெடக்கறயா?”

“ஒரு வேலைக்கு வேணும் மாமா.”

“மீசைய நல்லாப் போடு,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிடப் போனார்.

அந்த முகம் பச்சைக் கோட்டுக்கு மேலே போய் உட்கார்ந்தபோது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. நிறம் ஒன்றுதான் பெரிய தொல்லை. மாமா நல்ல கறுப்பு. வெள்ளையோடு சிவப்பும் மஞ்சளும் கலந்து கலந்து அவரை ரோஜா நிறமாக்கினேன். முதலில் கொஞ்சம் அதிகமாகி, வெயிலில் தோல் உரிந்தவர் மாதிரி இருந்தார். அதைத் தணித்தேன். மீசையைச் செம்பட்டையாக்கினேன். பழைய காது அளவில் சின்னது; மாமாவின் காதுகள் பெரியவை. இருந்ததை மறைத்து மாமாவின் காதையே வைத்தேன். வேலை முடிந்து பின்வாங்கிப் பார்த்தபோது, காலடியில் இருந்த நாய் மாமாவைத்தான் எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

இதற்குள் நான் கவிதை எழுதுகிறவள் என்று தலைவருக்குத் தெரிந்துவிட்டது. “இங்கிலீஷ்லயும் எழுதுவியா? அப்ப அவரப் பத்தி நாலு லைன். பித்தளைத் தகட்டுல போடலாம்.” எனக்கு அந்தத் துரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஆளைப் பற்றித்தானே எழுத முடியும்? ஆங்கிலத்தில் எழுதி, கையோடு தமிழிலும் எழுதி வைத்துக்கொண்டேன். தமிழில் இப்படி இருக்கும்:

எடையில் பிசகாத கை,
எதிர்வந்தோரைப் பசியோடு அனுப்பாத மனம்;
உறைபனி விழும் காலையிலும்
உலகுக்கு முன்னே கடை திறந்தவர்.

ஆங்கிலத்தில் ‘கடை’ வருகிற இடத்தில் ‘கதவு’ என்று போட்டேன். ஒரே ஒரு வார்த்தை மாற்றம். தலைவர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து, எடை பற்றிய முதல் வரியில் நின்று, “ஃபேர் இன் மெஷர்! கரெக்ட். அவர் மாஜிஸ்ட்ரேட்டாவும் இருந்தார், யூ நோ,” என்றார். எனக்குத் தெரியாது. தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

ஆண்டு விழாவன்று திரையை விலக்கினார்கள். மார்க்கெட்டுக்குத் தன் கையால் பை தூக்கிப் போனவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். நல்லவேளை, காய்கறி வாங்குவது அவர்களுடைய வேலைக்காரர்களின் பாடு. பெரியவரைக் கைத்தாங்கலாக முன்னே கொண்டுவந்தார்கள். அவர் நிமிர்ந்து, பூட்ஸிலிருந்து மெதுவாக மேலே போய், முகத்தில் நின்றார். கண் கலங்கியது.

“அவரேதான்,” என்றார். “இவ்வளவு நல்ல முகம்னு தெரிஞ்சிருந்தா அப்பவே ஒரு தடவ பாத்திருப்பனே.”

கைதட்டல் எழுந்தது. தாடி என்று சொன்ன தலைவர், “ஐ ஆல்வேஸ் ஸெட், மீசைதான்னு,” என்றார். கண்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தொலைநோக்கு என்றார் ஒருவர். காட்டைப் பார்க்கும்போதே அதில் தேயிலையைக் கண்டவரின் பார்வை என்றார் இன்னொருவர். நான் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவர் க்ளப் பட்லர்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். க்ளப் சமையலறைக்கு வாரத்தில் இரண்டு நாள் மாமா கடையிலிருந்துதான் காய் போகும். பின்வாசலில் நின்று பட்டாணியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறவர் அவர். அன்று தட்டை ஏந்திக்கொண்டு ஹாலுக்குள் வந்தவர், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். என் அருகே வந்து மிகுந்த மரியாதையோடு குனிந்து, “தேத்தண்ணி எடுங்க அம்மா,” என்றார். அப்புறம் இன்னும் குனிந்து, “நம்ம கோசுக்காரருதானே?” என்றார்.

நான் கோப்பையை எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே அவர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார். கடை முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்று, மாமாவுக்கு ஒரு சலாம் வைத்து, “குட்மார்னிங் துரை!” என்றார். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாமா சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏனம்மிணி, துப்பாக்கி கூடவா வெச்சிருக்கறேன்?”

“ஆமா மாமா.”

“பூட்ஸு?”

“முழங்கால் வரைக்கும்.”

மாமா அத்தை பக்கம் திரும்பி, “கேட்டயா? இந்த ஊட்டுல எனக்கு ஒரு சுடுதண்ணிக்கு வழியில்ல, அங்க பாரு,” என்றார். அத்தை, “அங்கயே போய் இருந்துக்கங்க. காயி நறுக்கறதுக்கு எனக்கு இங்க இடம் கிடைக்கும்,” என்றாள்.

இதன் பிறகு க்ளப்பில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சமையல்காரர், தோட்டக்காரர், பரிமாறுகிறவர்கள், துடைக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத் தாண்டும்போது ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் போவார்கள். சிரிப்பு மட்டும் சமையலறைக் கதவு சாத்திய பிறகு. உறுப்பினர்கள் இதைக் கவனித்து உருகிப்போனார்கள். சுதந்திரம் வந்து இத்தனை காலமாகியும் இந்த விசுவாசமா என்று தலைவர் விருந்தாளிகளை நிறுத்திவைத்துக் காட்டுவார். தகட்டுக் கவிதையையும் படித்துக் காட்டுவார். என் ஆங்கிலக் கவிதைகளில் அந்த அளவுக்கு உரக்கப் படிக்கப்பட்டது வேறெதுவும் இல்லை.

அடுத்த சீசனில் வந்தது ஆபத்து. துரையின் பேத்தி இங்கிலாந்திலிருந்து ஊட்டி பார்க்க வருகிறார், தாத்தா படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஜீப் அனுப்பி என்னை அழைத்தார்கள். ஓவியர் உடன் இருக்க வேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். ஜீப் டிரைவர் காத்திருந்து அழைத்துப் போனார்.

பேத்திக்கு ஐம்பது வயதிருக்கும். ஒடிசலாக, நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தார். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தலைவர் தகட்டைப் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் தன் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தார். சின்ன ஃபோட்டோ. நான் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது. மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், மீசையும் இல்லை தாடியும் இல்லை, புளித்த மோரைக் குடித்தது போன்ற வாய். பொருளாளரின் அப்பா சொன்ன சவர முகமும் மூக்குக்கண்ணாடியும்தான் உண்மை. தலைவர் எட்டிப் பார்ப்பதற்குள் அந்த அம்மாள் ஃபோட்டோவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டார்.

“அருமையான படம்,” என்று பொதுவாகச் சொன்னார். வராந்தாவுக்கு என்னைத் தனியே அழைத்துப் போய், “யார் அது?” என்றார் ஆங்கிலத்தில்.

“என் மாமா. மார்க்கெட்டில் காய்கறி விற்கிறார்,” என்றேன் நானும் ஆங்கிலத்தில். பொய் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை அகப்படவில்லை.

அவர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து செயலாளர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “எங்கள் வீட்டில் தாத்தாவின் படத்தை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருந்தோம். அதைத் தாண்டி மேலே போகக் குழந்தைகள் அழுவோம். கடைசியில் பாட்டியே கழற்றிவிட்டாள்,” என்றார். “இது இருக்கட்டும். இவரை நான் பார்க்கலாமா?”

மறுநாள் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். மாமாவைப் பார்த்ததும் கையை நீட்டினார். மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குலுக்கினார். பிறகு ஒரு கேரட்டைக் கழுவி அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் அங்கேயே நின்று கடித்துத் தின்றார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

“உங்க தாத்தாவுக்கு மூஞ்சி போச்சுன்னாங்க. எங்க அம்மிணி என்றத எடுத்துக் குடுத்துருச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றார் மாமா.

“தாத்தாவுக்கு நல்ல முகம் கிடைத்தது இதுதான் முதல் தடவை,” என்றார் அவர்.

அதோடு விடவில்லை. ஊருக்குப் போகுமுன் க்ளப்பில் ஒரு தேநீர் விருந்து கொடுத்து, அதற்கு மாமாவையும் அத்தையையும் தன் விருந்தாளிகளாக அழைத்துவிட்டார். க்ளப்பில் வேட்டி கட்டியவர்களை உள்ளே விடமாட்டார்கள்; காலில் ஷூ இருக்க வேண்டும். மாமா தையற்கடை நண்பரிடம் ஒரு பேண்ட்டும் கோட்டும் வாங்கினார். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத கோட்டு. நிறம் பச்சை. நான் எவ்வளவோ சொன்னேன், பழுப்பு நிறத்தில் ஒன்று கேளுங்கள் என்று. “இதுதான் அளவாருக்குது,” என்று சொல்லிவிட்டார். ஷூ கடித்தது. அத்தை பட்டுச்சேலை கட்டி, மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள்.

விதி என்று சொல்லமாட்டேன், பட்லர் என்றுதான் சொல்வேன். மாமாவுக்கு நாற்காலி போட்ட இடம் நேராகப் படத்துக்குக் கீழே. மாமா உட்கார்ந்தார். மேலே ரோஜா நிற மாமா, கீழே கறுப்பு மாமா. இரண்டு பச்சைக் கோட்டு. அத்தை அண்ணாந்து மேலே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். குலுக்கிவிட்டு ஒரு கணம் தயங்கி நின்றார்கள். எதுவோ நெருடுகிறது, இன்னதென்று தெரியவில்லை.

தலைவர் வந்து எதிரே நின்று நெற்றியைச் சுருக்கினார். “உங்கள எங்கயோ பாத்திருக்கேனே,” என்றார்.

ஹாலின் நான்கு மூலையிலும் பரிமாறுகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“பாக்காம இருப்பீங்களா?” என்றார் மாமா. “வாரா வாரம் உங்க பங்களாவுக்குக் கோசும் கேரட்டும் அனுப்பறவனுங்க. போன தீவாளிக்கு நானே பழக்கூடை கொண்டாந்து குடுத்தேன். கார்ல இருந்துட்டே வாங்குனீங்க.”

“ஆ! அதான்!” என்று தலைவரின் முகம் மலர்ந்தது. பெரிய பாரம் இறங்கியது போல மாமாவின் தோளைத் தட்டினார். “கேரட் நல்லா இருக்கு. பட் இந்த வாரம் கொஞ்சம் சின்னது.”

“மழை பத்தலீங்க,” என்றார் மாமா, மேலே இருந்த அதே முகத்தோடு.

பேத்தி ஊருக்குப் போனபின் இங்கிலாந்திலிருந்து எனக்கு வேலை வந்தது. தாத்தா படம் கழற்றிய மாடிப்படித் திருப்பத்துக்கு ஊட்டி மார்க்கெட்டை வரைந்து அனுப்பச் சொன்னார். வரைந்தேன். அதற்குள் மலை முழுக்க என் பெயர் பரவியிருந்தது, முகம் போன படங்களுக்கு முகம் வைக்கிறவள் என்று. பூஞ்சை என் தொழிலுக்குப் பெரிய ஒத்தாசை செய்தது. ஓவேலிப் பக்கத்து பங்களா ஒன்றில், ராணுவ உடுப்பும் தாடியுமாக நிற்பவர் எங்கள் பள்ளி விடுதியின் மேட்ரன் அம்மாள். குன்னூரில் ஒரு வரவேற்பறையில் பிரபு மாதிரி உட்கார்ந்திருப்பவர் அந்த இலங்கை பட்லர். அவர் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

பிறர் உடம்புக்கு இவர்கள் முகங்களை வைத்தது போதும், அவரவர் உடம்போடேயே வரையலாம் என்று ஒரு நாள் தோன்றியது. மார்க்கெட்டில் இருந்த ஒவ்வொருவரையும் வரைந்தேன். அவரவர் பேசும் மொழியில் ஒரு கவிதையும் படத்தின் கீழே எழுதினேன். கோயமுத்தூரில் அதை முதல் கண்காட்சியாக வைத்தேன். மாமா கடையை அடைத்துவிட்டு வந்து, நான் கேட்காமலே வழிகாட்டி வேலையை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தவிர வேறெதையும் படிக்கத் தெரியாது. அதற்காக அவர் எந்தக் கவிதையையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் விரலை ஓட்டி, கூட்டத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே போனார்.

மீன் விற்கும் அம்மாவின் படத்துக்குக் கீழே மலையாளத்தில் நான் எழுதியிருந்தது கடலைப் பிரிந்த ஏக்கம். அவள் கூடையில் இருப்பது மீன் அல்ல, அலைகள் என்ற ரீதியில் போகும். மாமா அதைக் கூட்டத்துக்குச் சொன்ன விதம் வேறு. “என்ன எழுதிருக்குதுன்னா, இந்தம்மாவுக்குக் குளிரு ஆகாதுங்க. மீனு கெடாம இருக்கோணும்னு சாமிகிட்டக் குளிரக் கேக்குது. கேட்டுட்டு இதுவே நடுங்குது. அவ்வளவுதானுங்க.”

அங்கே நின்றிருந்த ஒரு மலையாளப் பேராசிரியர் கீழே எழுதியிருந்ததை ஒரு முறை படித்தார், மாமாவை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “அவர் சொன்ன கவிதையை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் தாளைக் கழற்றி எடுத்தேன். அலைகளை அடித்துவிட்டு, குளிரையும் சாமியையும் நடுக்கத்தையும் நல்ல மலையாளத்தில் எழுதி மாட்டினேன். என் மலையாளத் தொகுப்பில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற கவிதை இன்றைக்கும் அதுதான். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்.